அதே காசில் இன்னொரு ஒன்பது

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 19 வருடமாக இலைக்கணக்கு எழுதுகிறேன். அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு, சீட்டில் எழுதிக் கொடுத்து, மாதக் கடைசியில் கூட்டிப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். மழையில் நனைந்து, இடுப்பில் மடித்துச் செருகி, கசங்கி வரும் சீட்டில் 3-ம் 8-ம் ஒன்றுபோல இருக்கும், 1-ம் 7-ம் ஒன்றுபோல இருக்கும். அதைப் பிரித்துப் படிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அப்பாயியின் வெள்ளிக் காசுகளுக்கு ஆண்டு பார்த்து எழுதும் வேலை என் கைக்கு வந்தபோது வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. மொத்தம் 23 காசு. அதில் ஐந்துக்கு ஆண்டைத் தப்பாக எழுதிவிட்டேன்.

அப்பாயி 1970-களில் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் நீலகிரிக்கு. அவ்வளவு தூரமும் இந்தக் காசுகள் அவருடைய சுருக்குப் பையில் இருந்திருக்கின்றன. 17 ரூபாய்க் காசு, 6 இலங்கை ஐம்பது சதம். அந்தக் காலத்தில் இலங்கையில் இந்திய ரூபாயும் செல்லும் என்பதால் அவருடைய அப்பா சேர்த்து வைத்தவை. கஷ்டமான நாட்களில்கூட ஒன்றை எடுத்து விற்றதில்லை.

அவர் போன பிறகு, காரியம் முடிந்த அன்று ராத்திரி, அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் என்று நாலு பேருக்கும் பிரிக்க உட்கார்ந்தோம். அக்டோபர் மாதம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கைத் தலைக்கு மேலே ஆணியில் மாட்டி, அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு காசாகப் படித்து நோட்டில் எழுதினேன். அந்த நோட்டை வைத்துத்தான் பங்கு பிரிந்தது. தப்பு எங்கே தொடங்கியது என்று இப்போது கேட்டால், அந்த ஆணியிலிருந்து என்றுதான் சொல்வேன்.

காசில் எண் எழும்பி நிற்கிறது. மையில் எழுதிய எண் மாதிரி அதற்கு நிறம் கிடையாது. பக்கத்தில் விழும் நிழலை வைத்துத்தான் கண் அதைப் படிக்கிறது. தலைக்கு நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் இல்லை, தேய்ந்த காசில் எண்ணும் இல்லை. வெளிச்சம் பக்கவாட்டில், காசின் முகத்தைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி சாய்வாக வர வேண்டும். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னலில் காலை எட்டு மணி வெயில் அதற்குத் தோதானது. மூடுபனி நாட்களில் செல்போன் டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்துவிடுவேன். விளக்கை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் காசை மெல்ல ஒரு முழுச் சுற்று திருப்பினால், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு வேறு கோடு எழுந்து வரும். எண்ணின் நிமிர்ந்த கோடுகள் இடது, வலது பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியும். 7-ன் மேல் படுக்கைக் கோடு, எண்ணின் தலைமாட்டிலிருந்தோ கால்மாட்டிலிருந்தோ வெளிச்சம் வந்தால்தான் தெரியும். ஒரே கோணத்தில் பார்த்து 1 என்று முடிவு கட்டிய காசு, கால் சுற்று திருப்பினால் 7 ஆவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருப்பது மாதிரி. அதற்கு மேல் பெரிதாக்கினால் கீறல்தான் தெரிகிறது, எண் தெரிவதில்லை.

ஆனால் என் கண்ணைத் திறந்தது வெளிச்சம் இல்லை. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு ரூபாய்.

பங்கு பிரித்த பிறகு எனக்கு இதில் ஆசை வந்துவிட்டது. கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1938 சாதாரணமாகக் கிடைக்கும், 1939 கிடைப்பது மிக அரிது என்று தெரிந்துகொண்டேன். யுத்தம் தொடங்கியதும் மக்கள் வெள்ளியைப் பதுக்க ஆரம்பித்தார்கள். 1940-ல் ரூபாயில் இருந்த வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பழைய தரத்தில் 1939 என்று அச்சாகி வெளியே வந்தவை மிகக் கொஞ்சம். அடுத்த மே மாத சீசனில் ஊட்டிக்குப் போனபோது, நடைபாதையில் துணி விரித்துப் பழைய காசு விற்ற ஒருவரிடம் அது இருந்தது. 1939. நான் லென்ஸை எடுத்து நன்றாகவே பார்த்தேன். ஒன்பதுதான். 6,500 ரூபாய் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு அது இரண்டு மாத மளிகை.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனபோது, 40 வருடமாகக் காசு சேர்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் ராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ஆண்டைப் பார்த்தார். லென்ஸை என்னிடம் நீட்டி, "தம்பி, இந்தக் காசுல எத்தனை ஒன்பது இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுங்க ஐயா."

"நல்லா எண்ணிப் பாருங்க."

இரண்டு. 1-9-3-9. அதுவரை நான் கடைசி ஒன்பதை மட்டும்தான் பார்த்திருந்தேன், ஏனென்றால் பணம் அதில்தான் இருந்தது. "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கணும். இதுல ஒண்ணு வேற வீட்டுப் பிள்ளை" என்றார்.

பார்த்தேன். முதல் ஒன்பதுக்குத் தலை பெரிது, உள்ளே ஓட்டை அகலம், வால் ஒரே வளைவாக இறங்கி நுனியில் கொஞ்சம் தடித்து முடிகிறது. கடைசி ஒன்பதுக்குத் தலை சின்னது. தலைக்குக் கீழே உடம்பு பெருத்திருக்கிறது. எட்டின் மேல் வட்டம் சின்னதாகவும் கீழ் வட்டம் பெரிதாகவும் இருக்கும் அல்லவா, அந்த உடம்பு அப்படியே இருந்தது. கீழ் வட்டத்தின் இடது பக்கத்தை மட்டும் யாரோ நுனி உளியால் எடுத்திருக்கிறார்கள். வாலின் நுனி இயல்பாகத் தடிக்கவில்லை, வெட்டிவிட்டது மாதிரி நின்றது. சாய்வு வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. எண்களைச் சுற்றிக் காசின் தரை வழுவழுப்பாக, ஒரே சாம்பல் நிறமாக இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் அரிசி முனை அளவுக்குத் தரை மெல்லக் குழிந்து, மயிரிழைக் கோடுகளோடு, கொஞ்சம் வெளுத்திருந்தது. எடுத்த இடத்தை மெழுகிச் சமன் செய்த தடம் அது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இலைச்சீட்டில் எண்ணைத் திருத்துகிறவர்களை எனக்குத் தெரியும். காகிதத்தில் மையைச் சேர்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது. அதனால் சீட்டில் 3 எப்போதும் 8 ஆகும், 1 எப்போதும் 7 ஆகும், 8 ஒருநாளும் 3 ஆகாது. காசில் அப்படியே தலைகீழ். உலோகத்தைச் சேர்ப்பது கஷ்டம், எடுப்பது சுலபம். அதனால் 8-தான் 9 ஆகும், 8-தான் 3 ஆகும். ஒரு அரிய ஆண்டு காசைக் கையில் எடுத்தால் இப்போது நான் முதலில் கேட்பது இதுதான்: எதிலிருந்து எதை எடுத்தால் இந்த எண் வரும்? அந்த மூல எண் சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டாக இருந்தால் உஷாராகிவிடுவேன்.

இன்னொன்று. 3, 6, 9 எல்லாமே 8-ல் ஒரு துண்டு குறைந்த வடிவங்கள். 3-க்கு இடது பக்கம் மேலும் கீழும் திறந்திருக்கும். 6-க்கு வலது மேல்பக்கம் திறந்திருக்கும். 9-க்கு இடது கீழ்ப்பக்கம். எண்ணை எண்ணாகப் பார்க்காமல் வாசல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். அழுக்கு செய்கிற வேலையும் இதில் புரியும். வருடக்கணக்கில் படிந்த கறுப்பு அந்த வாசல்களை அடைத்துவிடும். அழுக்குப் பிடித்த காசில் 3-ம் 6-ம் 9-ம் எல்லாமே 8 மாதிரி தெரிவது அதனால்தான். என் பட்டியலில் தப்பான ஐந்தில் மூன்று அந்த ரகம். 1883-ஐ 1888 என்றும், 1913-ஐயும் 1916-ஐயும் 1918 என்றும் எழுதியிருந்தேன். அழுக்கு சேர்க்கும், உளி எடுக்கும். வீட்டுக் காசில் முதலாவதைச் சந்தேகப்பட வேண்டும், விலைக்கு வாங்கும் காசில் இரண்டாவதை.

பெரியவர் சொன்ன இரண்டு ஒன்பது விஷயம் மற்ற காசுகளுக்கும் உதவியது. விக்டோரியா காசு பெரும்பாலும் 18 என்று தொடங்குவதால் அதில் ஏற்கெனவே ஒரு சரியான 8 இருக்கிறது. கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று திணறினால் இரண்டாவது இடத்தில் இருக்கும் எட்டைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கும், ஒரே அளவுக்கு அழுக்கேறியிருக்கும். 1888 என்றால் மூன்று எட்டும் ஒரே சாயலில் நிற்க வேண்டும். என் காசில் முதல் இரண்டு எட்டும் இடுப்பு ஒடுங்கி இரண்டு பக்கமும் உருண்டிருந்தன. மூன்றாவதற்கு வலது பக்கம் மட்டும் உருட்டு, இடது பக்கம் கறுப்புத்தான். அது 1883. எட்வர்டு, ஜார்ஜ் காசுகளில் இரண்டாவது இடத்தில் 9 இருக்கிறது. அதில் 1916-ஆ 1918-ஆ என்ற சந்தேகத்துக்கு நேர் பதில் கிடைக்காது. ஆனால் அந்தக் காசு எவ்வளவு தேய்ந்தது என்று அந்த 9 சொல்லிவிடும். அதன் வாசல் தெளிவாகத் திறந்திருக்கும்போது, கடைசி எண் மட்டும் மூடிக் கிடந்தால் அது நிஜமாகவே 8 ஆக இருக்கலாம். 9-ன் வாசலே அடைத்திருந்தால் கடைசி எண்ணை நம்பக் கூடாது.

இத்தனையும் கடைசிப் படி. இப்போது நான் ஆண்டை முதலில் பார்ப்பதே இல்லை. முதலில் தலை. அப்பாயி காசுகளை ராணிக் காசு, மொட்டை ராஜா, கிரீட ராஜா என்றுதான் பிரிப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பிரிப்பு ஆண்டை முக்கால்வாசி சொல்லிவிடுகிறது. ராணி என்றால் விக்டோரியா. பெயருக்குப் பக்கத்தில் 'குயின்' என்று இருந்தால் ரூபாயில் ஆண்டு 1862 அல்லது 1874-லிருந்து 1876-க்குள். 'எம்ப்ரஸ்' என்று இருந்தால் 1877-லிருந்து 1901-க்குள். 187 வரைக்கும் படிக்க முடிந்து கடைசி எண் மழுங்கிய எம்ப்ரஸ் காசு என்றால் அது 7, 8, 9 மூன்றில் ஒன்றுதான். எழுத்துகள் ஆண்டைவிடப் பெரியவை, அதனால் அவை கடைசிவரை நிற்கும். கிரீடம் இல்லாத தலை ஏழாம் எட்வர்டு, 1903 முதல் 1910. கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், ரூபாய் 1911 முதல் 1922 வரை. கிரீடம் உண்டு, தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ், 1938-க்கு மேல். கடைசியில் 8 மட்டும் தெரிகிற காசு, மொட்டைத் தலையானால் 1908, தாடிக் கிரீடமானால் 1918, மழித்த முகமானால் 1938. அப்பாயியின் கணக்கு அவ்வளவு சுத்தம்.

(1862 என்று போட்ட ரூபாயை அந்த ஒரு வருடத்தில் அடித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டை மாற்றாமல் 1870-கள் தொடக்கம்வரை அதே எண்ணோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1840 கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயும் அப்படித்தான்.)

தலைக்கு அடுத்து விளிம்பும் எடையும். 1939 வரைக்கும் ரூபாயின் விளிம்பில் நேர்நேரான வரிகள் சுற்றிலும் இருக்கும். பாதி வெள்ளி ஆன பிறகு, கள்ளக்காசைத் தடுக்க விளிம்பின் நடுவில் ஒரு பள்ளமும் அதற்குள் கோலமும் வைத்தார்கள். அப்படிப்பட்ட விளிம்போடு ஒரு 1939 வந்தால் மேலே எதையும் பார்க்க வேண்டியதில்லை. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்தால் கொஞ்சம் குறையும், கூடாது. எங்கள் தொழிற்சாலைத் தராசு கிலோவுக்கு, அதனால் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன்.

அதில் ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, காட்டுகிற எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுசாக முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால், 91.7 சதவீத வெள்ளிக்கு 10.3 பக்கமாக வரும். பாதி வெள்ளிக் காசுக்கு 9.5 பக்கம். முழு எடை ரூபாய் ஒன்று ஏறத்தாழ 1.13 கிராம் தண்ணீரைத் தள்ளும், பாதி வெள்ளி 1.22. வித்தியாசம் சின்னது, அதனால் காசில் ஒட்டும் காற்றுக் குமிழியைத் தட்டிவிட்டு மூன்று முறை பார்க்க வேண்டும். வார்ப்புக் கள்ளக்காசுகள் பல இதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் என் 6,500 ரூபாய் 1939 இதில் அழகாகத் தேறியது. 1938-ம் அதே எடை, அதே வெள்ளி, அதே விளிம்பு. அங்கே உளி பட்ட இடத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஐம்பது சதங்களில் வந்த தப்பு வேறு மாதிரி. இலங்கை வெள்ளி 1917 வரைக்கும் 80 சதவீதம், 1919-லிருந்து 55. 1919-ஐ நான் 1917 என்று எழுதிவிட்டதால் சின்ன அத்தை பங்கில் வெள்ளிக் கணக்கே மாறிப்போனது. இதிலும் அதே வழிதான், முன்னால் இருக்கும் 9-ஐப் பார்த்ததும் பின்னால் இருப்பதும் 9-தான் என்று தெரிந்துவிட்டது.

1918, 19, 20 ரூபாய்கள் அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் படித்ததிலிருந்து அந்தக் காசுகளைச் சாதாரணம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. முதல் உலக யுத்தத்தில் இங்கே வெள்ளி தட்டுப்பாடு. 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன்னுடைய வெள்ளி டாலர்களில் ஏறத்தாழ 26 கோடியை உருக்கி, அந்த வெள்ளியை இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் முந்தானையில் முடிந்து வைத்த ரூபாயில் அமெரிக்க வெள்ளி இருந்திருக்கலாம்.

ஐந்தாவது தப்பைச் சொல்ல வேண்டும். அது எங்கள் பங்குக்கு வந்த காசு. 1917 என்று எழுதியிருந்தேன். ஒரு காலை ஜன்னலில் வைத்துத் திருப்பியபோது 7-ன் படுக்கைக் கோடு எழவே இல்லை. எந்தக் கோணத்திலும் இல்லை. கோடு என்று நான் நினைத்தது 1-ன் தலையருகே படிந்திருந்த கறுப்பு. அப்படியானால் 1911. உடனே காசைப் புரட்டி ராஜாவின் அங்கியைப் பார்த்தேன். அவர் போட்டிருக்கும் மாலையில் குட்டி யானை ஒன்று உண்டு. 1911-ல் அடித்த காசில் அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகி, பார்க்கப் பன்றி மாதிரி அமைந்துவிட்டது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்ப்பு வரவே, காசுகளைத் திரும்பப் பெற்று, 1912-லிருந்து தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். அதனால் 1911-ஆ 1917-ஆ என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஆண்டே வேண்டாம், யானை போதும். என் காசில் தும்பிக்கை குட்டை. லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். குட்டைதான்.

வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். பங்கு முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த நோட்டு என் கையெழுத்து. 1917 என்று நான் எழுதியதால்தான் அது 'சாதாரணக் காசு' குவியலில் போய், சீட்டுக் குலுக்காமலேயே எங்களுக்கு வந்தது. அந்தப் பொங்கலுக்கு எல்லோரும் சேரம்பாடிப் பக்கம் பெரிய அத்தை வீட்டில் கூடினோம். காசு, நோட்டு, லென்ஸ் எல்லாம் எடுத்துப் போனேன். ஐந்து தப்பையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெரிய அத்தை யானையை நெடுநேரம் பார்த்தார். "இது எங்க அம்மா பையில இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "அப்பன் பங்குக்கு வந்தது அங்கேயே இருக்கட்டும் தம்பி. நோட்டை மட்டும் திருத்தி எழுது" என்றார். சின்ன அத்தைக்கு எங்களிடமிருந்த இரண்டு ஐம்பது சதத்தைக் கொடுத்தோம்.

கனடாவில் இருக்கும் அத்தை மகன் அன்று வீடியோவில் பார்த்துவிட்டு, தன் அம்மா பங்கைக் கூரியரில் அனுப்பச் சொன்னான். அனுப்ப முடியாது. 100 வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே போகக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை.

அங்கேதான் சித்தப்பாவும் தன் பங்கை எடுத்து வைத்தார். காசுகள் பளபளவென்று இருந்தன. பாத்திரம் தேய்க்கும் பொடியும் புளியும் போட்டுத் தேய்த்திருக்கிறார், நல்ல மனசோடுதான். திருநீறு, எலுமிச்சை, பற்பசை என்று ஆளுக்கொரு கைவைத்தியம் வீட்டுக்கு வீடு உண்டு. தேய்க்கிற எல்லாமே முதலில் அரிப்பது எழும்பி நிற்கிற இடத்தை, அதாவது எண்ணை. நூறு வருடம் கைமாறித் தேயாத கோடு ஒரு சாயங்காலத்தில் போய்விடும். எண்ணுக்குள் அழுக்கு அடைத்திருந்தால் நான் செய்வது இவ்வளவுதான்: சுத்தமான வெதுவெதுப்பான நீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி எடுத்து, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே ரோஜா முள்ளின் நுனியால் அந்த வாசலில் மட்டும் மெல்லத் தள்ளிவிடுவது. அசையாத அழுக்கை அப்படியே விட்டுவிடுவேன். வாசலை அடைக்கும் கறுப்பு வேறு, வெள்ளியின் மேல் பரவலாக ஏறியிருக்கும் கறுப்பு நிறம் வேறு. அந்த நிறம் அழுக்கு அல்ல, அதைத் தொடுவதில்லை.

கறுப்பு ஏறாமல் வைக்க இந்த மலையில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அப்பாயியின் டப்பா பீரோவில் ஸ்வெட்டர்களுக்கு நடுவில் இருந்தது. கம்பளியில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், ரப்பர் பேண்டும் அப்படித்தான். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். நான் காசுக்கு ஒரு சின்னக் காகித உறை, எல்லாம் சேர்த்துக் காற்றுப் புகாத டப்பா, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

சித்தப்பா காசுகளில் ஒரு எம்ப்ரஸ் ரூபாயில் ஆண்டு 188 வரைக்கும் இருந்தது. கடைசி எண் ஒரு மேடாக மட்டும் மிச்சம். அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்ன வயசில் நோட்டுக்கு அடியில் காசை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அப்படி மெல்லிய தாள் வைத்து அழுத்தாமல் தேய்த்துப் பார்த்தேன். தேய்ந்த காசுக்கு இது பல தடவை கைகொடுத்திருக்கிறது. வலது பக்கம் வளைவு வந்தது. இடது பக்கம் வரவேயில்லை. முன்னால் இருக்கும் எட்டுகளுக்கும் இடது பக்கம் பாதி போய்விட்டதால் அவற்றைக் கேட்டும் பயனில்லை.

பெரிய அத்தை காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணா, எட்டா?"

"தெரியலைங்க அத்தை."

"தெரியலைன்னே எழுது."

உறையின் மேல் '188-' என்று எழுதி, கோட்டுக்கு மேலே இடம் விட்டு, சித்தப்பாவிடம் கொடுத்தேன்.